சட்டைப் பை ஒழிப்புத் திட்டம்

கிருஷ்ணப்பாவிடம் ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று தெரிய வந்த அன்று கம்பெனியே கலங்கிப் போய்விட்டது.

அது லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்னையும் பிடித்து உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்துவிடுவார்கள். பெங்களூரில் காக்ஸ் டவுனிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும் நானூறு கட்டடங்களில் அவர்கள் லிஃப்ட் ஓடுகிறது. மாதாமாதம் போய்த் தூசி தட்டி, எண்ணெய் விட்டு, கயிறு பார்த்துவிட்டு வரும் டெக்னீஷியன்கள் நாற்பத்தாறு பேர். அதில் மூத்தவர் மர்பி டவுன் கிருஷ்ணப்பா. வயது ஐம்பத்தொன்று, சர்வீஸ் இருபத்திரண்டு வருஷம். இத்தனை வருஷத்தில் அவர் பொறுப்பில் இருந்த லிஃப்டில் ஒருத்தருக்கு நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

இது போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். போதாதாம்.

போன வருஷம் கம்பெனியில் ‘பழக்க நீக்கப் பிரிவு’ என்று ஒன்று முளைத்தது. அதற்குத் தலைவர் சேஷகிரி. இதற்கு முன் மெத்தை விற்கும் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். தொடக்க விழாவில் அவர் பேசிய பேச்சை அங்கிருந்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

“கற்றுக்கொள்வது சுலபம், யார் வேண்டுமானாலும் கற்கலாம். கற்றதை உதறுவதுதான் கஷ்டம். நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது லிஃப்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. எவ்வளவு கவனமாக இருந்தால் இப்படி இருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் நிர்வாகம் இந்தப் பொறுப்பை என்னிடம் நம்பிக் கொடுத்திருக்கிறது.”

கைதட்டினார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் தட்டத்தானே வேண்டும்!

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு டெக்னீஷியனும் தன்னுடைய வேலையில் உள்ள கெட்ட பழக்கங்களில் குறைந்தது மூன்றை அறிவிக்க வேண்டும். அவற்றைச் செய்வதுபோல் முதலில் ஒரு வீடியோ. தொண்ணூறு நாள் பயிற்சி. பிறகு செய்யாமல் இருப்பதுபோல் ஒரு வீடியோ. இரண்டும் சரியாக இருந்தால் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவருக்கு ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் வேலை இல்லை.

ஹரிஷ்குமார் என்று ஒரு டெக்னீஷியன், முப்பது வயது. கட்டடத்துக்குப் போகாமலே டீக்கடையில் உட்கார்ந்து மூன்று மாத சர்வீஸ் கார்டிலும் கையெழுத்துப் போடுகிறவன். ஒயரைப் பல்லால் உரிப்பான், ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வெறுந்தலையோடு உள்ளே இறங்குவான். அவன் ஒரே மூச்சில் ஒன்பது பழக்கம் எழுதிக் கொடுத்தான். பழக்கத்துக்குப் பத்துப் புள்ளி, மொத்தம் தொண்ணூறு. அந்த மாதமே அவன் படம் ஆபீஸ் சுவரில் ஏறியது. கீழே ‘திறந்த மனம்’ என்று எழுதியிருந்தார்கள்.

கிருஷ்ணப்பாவின் முறை வந்தது. பயிற்சியாளர் தீபிகா கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண். மனோதத்துவம் படித்தவள், மரியாதை தெரிந்தவள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. படிவத்தில் கட்டம் இருந்தால் அதை நிரப்பியாக வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

“சொல்லுங்க அண்ணா, உங்க பேட் ஹேபிட்ஸ் என்னென்ன?”

“பீடி சிகரெட் இல்ல மேடம். தண்ணி எப்பவாச்சும், கல்யாணம் காச்சின்னா...”

“அது இல்லண்ணா, வேலைல.”

“வேலைல ஒண்ணும் இல்ல மேடம்.”

“கொஞ்சம் டிரை பண்ணுங்க. எல்லாருக்கும் இருக்கும். ஹரிஷ்குமார் ஒம்பது குடுத்திருக்காரு.”

“அவங்கிட்ட கீது, குடுக்கறான். நான் எங்க போறது மேடம்?”

தீபிகா வருத்தத்தோடு ‘உண்மையை ஏற்க மறுக்கிறார்’ என்று எழுதிக்கொண்டாள். கம்பெனியில் அது தனி வியாதி. அதற்குத் தனி வகுப்பு, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. நான்கு சனிக்கிழமை கிருஷ்ணப்பா மட்டும் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, “என்னிடம் குறை இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை” என்று நூறு முறை சொல்ல வேண்டும். சொன்னார். நாலாவது வாரத்திலும் குறை வரவில்லை.

கடைசியில் தீபிகா வேறு வழி பிடித்தாள். “சரிண்ணா, லிஃப்ட் கிட்ட போனதுலேர்ந்து நீங்க செய்யறத ஒண்ணு விடாம சொல்லுங்க. நான் கண்டுபிடிக்கறேன்.”

“போனதும் மெயினை ஆஃப் பண்ணுவேன் மேடம். ‘வேலை நடக்குது’ன்னு போர்டு மாட்டுவேன். அப்பறம் மெயின் பெட்டில மூணு ஃப்யூஸ் கட்டை இருக்குமில்ல, நடுக் கட்டைய புடுங்குவேன். ஒண்ணு இல்லைன்னாலும் லிஃப்ட் அசையாது.”

“புடுங்கி?”

“சட்டைப் பையில போட்டுக்குவேன். வேல முடிஞ்சி மேல வந்தப்பறம் திரும்ப மாட்டிடுவேன்.”

தீபிகாவின் முகம் மலர்ந்தது. “அண்ணா! அந்த ஃப்யூஸ் யாரோடது?”

“பில்டிங்காரங்களோடது.”

“கஸ்டமர் பொருள நீங்க பையில போட்டுக்கறீங்க!”

முதல் பழக்கம் கிடைத்துவிட்டது. ‘வாடிக்கையாளரின் சொத்தைச் சட்டைப் பையில் போடுதல்’ என்று படிவத்தில் ஏறியது. அன்று தீபிகா அவருக்கு ஒரு லட்டு வாங்கிக் கொடுத்தாள்.

கிருஷ்ணப்பா லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம் அவர் முனிரத்னம் என்பவரிடம் உதவியாளாக இருந்தார். காக்ஸ் டவுனில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் முனிரத்னம் இறங்கித் துடைத்துக்கொண்டிருந்தார். மெயின் ஆஃப். போர்டும் மாட்டியிருந்தது. மூன்றாவது மாடி வீட்டுக்கு காஸ் சிலிண்டர் வந்தது. சிலிண்டர்காரன் அவசரப்படுத்தினான் என்று வாட்ச்மேன் மெயினைப் போட்டான். கிருஷ்ணப்பா மேலே நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். டார்ச் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்தார்.

அன்றிலிருந்துதான் ஃப்யூஸ் கட்டை சட்டைப் பைக்கு வந்தது. ஸ்விட்சை யாரும் போடலாம். போர்டை யாரும் கழற்றலாம். பையில் இருப்பதை அவர் தந்தால்தான் உண்டு. நெஞ்சுக்கு மேல் அந்தப் பீங்கான் கட்டை கனத்தால்தான் அவருக்குக் கால் பள்ளத்தில் இறங்கும். இதைத் தீபிகாவிடம் சொன்னார். அவள் கண் கலங்கக் கேட்டுவிட்டு, ‘பழக்கத்தின் வேர்: பழைய மனக்காயம்’ என்று எழுதி, கூடுதலாக ஐந்து புள்ளி போட்டாள்.

இன்னும் இரண்டு பழக்கம் வேண்டுமே! ஹரிஷ்குமார்தான் கை கொடுத்தான்.

“இன்னாண்ணா நீ, இதுக்குப் போயி மூஞ்சிய தொங்கப் போட்டுகினு! எங்கிட்ட ஒம்பது கீது. ரெண்டு எடுத்துக்க. ஒயரைப் பல்லால உரிக்கறது ஒண்ணு. டீக்கடை கையெழுத்து ஒண்ணு. வீடியோவுக்கு மட்டும் செஞ்சா போதும்ணா.”

வீடியோ எடுத்தார்கள். கிருஷ்ணப்பாவின் கை ஒயரைக் கண்டால் தானாக இடுப்பிலிருக்கும் கட்டிங் பிளேயருக்குத்தான் போகும். இரண்டு முறை போனது. மூன்றாவது முறை கையைப் பின்னால் கட்டிவிட்டு ஒயரை வாயில் கொடுத்தார்கள். கடித்தார். ஒயர் உரியவில்லை, கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கையில் வந்தது. “இதுதான் ஒரிஜினல்! இந்த டேக்கையே வெச்சுக்கலாம்!” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து சேஷகிரி கூவினார். பழக்க நீக்கப் பிரிவு ஒரு தொழிலாளியிடமிருந்து முதன்முதலாக நீக்கியது அந்தப் பல்லைத்தான்.

டீக்கடை வீடியோவில் மூன்று மாதக் கார்டுகளில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு இரவெல்லாம் தூக்கம் இல்லை. கையெழுத்து பொய்யாகிவிடக் கூடாதே என்று அந்த வாரம் முழுக்க ஆபீஸ் நேரம் முடிந்த பிறகு, கையெழுத்துப் போட்ட கட்டடங்களுக்கெல்லாம் சொந்தச் செலவில் பஸ் ஏறிப் போய் வேலையை முடித்துவிட்டு வந்தார். இது வெளியே தெரிந்தபோது, “அறிவித்த பழக்கத்தைப் பயிற்சிக்கு முன்பே ரகசியமாகச் சரிசெய்தார்” என்று ஐந்து புள்ளியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

கடன் வாங்கிய பழக்கங்கள் இரண்டும் ஒரே நாளில் ஒழிந்தன. ஃப்யூஸ் கட்டைதான் ஒழியவில்லை. தீபிகா கண்காணிக்க வந்த ஐந்து முறையும் கட்டை சட்டைப் பையில்தான் இருந்தது. மற்ற டெக்னீஷியன்களிலும் நான்கைந்து பேர் அப்படிச் செய்வது தெரிய வந்தது. சேஷகிரி அவசரக் கூட்டம் போட்டார்.

“பழக்கம் எங்கே குடியிருக்கிறது? மனத்தில் என்பார்கள். மனத்தை நாம் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்தில் எப்படி வேலை செய்வது? நாங்கள் நாற்பது நாள் ஆராய்ந்தோம். பழக்கம் சட்டைப் பையில் குடியிருக்கிறது. பையை எடுத்துவிட்டால் பழக்கத்துக்குப் போக்கிடம் இல்லை. இந்த முடிவுக்கு வர வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்தோம். அவரும் முதலில் சிரித்தார். பில் பாஸானதும் ஒப்புக்கொண்டார்.”

சட்டைப் பை ஒழிப்புத் திட்டம் இப்படித்தான் பிறந்தது. நாற்பத்தாறு பேரும் யூனிஃபார்ம் சட்டை, பேன்ட் இரண்டிலும் இருக்கிற பைகளைத் தாங்களே பிரித்து, பிரித்த நூலை ஆபீசில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். நூலைத்தான் கேட்டார்கள். துணியைக் கேட்க மறந்துவிட்டார்கள். அந்த வாரத்திலிருந்து கம்பெனி ஆட்கள் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டும், பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டும், போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டும் பெங்களூர் முழுக்கப் போய்வந்தார்கள். ஒரு கையில் போன் இருக்கும்போது ஏணி ஏறக் கூடாது என்று இன்னொரு சுற்றறிக்கை வந்தது.

கிருஷ்ணப்பா வீட்டில் பை பிரித்தது அவர் மனைவி சின்னத்தாயி. மர்பி டவுனில் பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஜாக்கெட் தைக்கிறவள். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“இன்னாயா இது? பையில்லாத சட்டை யாருக்குப் போடுவாங்க, தெரியுமில்ல?”

“வேலை வேணுமில்ல தாயி. இருவத்தெட்டாந்தேதி ஹெட் ஆபீஸ்ல டெஸ்ட்டு. கட்டைய பெட்டியிலயே வுட்டுட்டு பள்ளத்துல எறங்கிக் காட்டணுமாம். காட்டினா சர்ட்டிபிகேட். இல்லைன்னா வூட்டுக்குப் போன்னு சொல்றாங்க.”

“முனிரத்னம் பொண்டாட்டிய உனக்கு ஞாபகம் கீதா?”

கிருஷ்ணப்பா சுற்றறிக்கையை எடுத்து மடித்தார்.

“எனக்கு கீது. பொணத்த வூட்டுக்குக் கொண்டாந்தப்போ அவ கையப் புடிச்சிகினு நின்னது நானு. கட்டைய வுட்டுட்டு எறங்கறதுன்னா சொல்லிட்டு எறங்கு. நான் இன்னிக்கே தாலிய கழட்டி மாட்டிட்டு நிம்மதியா தைக்கறேன்.”

“வேலை பூடுமே தாயி. இந்த வயசுல எவன் வெச்சிக்குவான்?”

அவள் பிரித்தெடுத்த காக்கிப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொடியில் கிருஷ்ணப்பாவின் பட்டாப்பட்டி அண்டர்வேர் காய்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதை எடுத்து வந்தாள்.

“உங்க ஆபீசரு சட்டை, பேன்ட்டுன்னுதானே எழுதினான்?”

“ஆமா.”

“உள்ளாடைக்கு உத்தரவு இல்லையே?”

இல்லை. மூன்று பக்கச் சுற்றறிக்கையை இருவரும் விளக்கடியில் வைத்து எழுத்தெண்ணிப் படித்தார்கள். சேஷகிரியின் அதிகாரம் பேன்டோடு முடிந்துவிட்டது. சின்னத்தாயி பட்டாப்பட்டியின் இடது பக்கத்தில் அந்தக் காக்கிப் பையை இரட்டைத் தையல் போட்டுத் தைத்தாள்.

இருபத்தெட்டாம் தேதி வந்தது. ஹெட் ஆபீஸ் உல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடம். சோதனையைப் பார்க்கக் கம்பெனி சேர்மன் பிரஹ்லாத்தே வரப்போகிறார் என்று கீழ்த்தளம் முழுக்கச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அவருக்கு முட்டிவலி, படி ஏற மாட்டார். லிஃப்ட் பள்ளத்துக்குள் ஆபத்துக்கு அழுத்த ஒரு சிவப்பு ஸ்விட்ச் உண்டு. இந்தக் கட்டடத்தில் அது இரண்டு வருஷமாக ரிப்பேர். லிஃப்ட் கம்பெனியின் சொந்த லிஃப்ட், ஞாபகம் இருக்கட்டும். கிருஷ்ணப்பா மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுப்பதை அவருடைய நான்காவது கெட்ட பழக்கமாகச் சேர்த்திருந்தார்கள்.

தீபிகா போனை நீட்டினாள். “அண்ணா, இதுல ‘வேலை தொடக்கம்’ அழுத்துங்க. பில்டிங்ல எல்லாருக்கும் மெசேஜ் போயிடும், மெயினைப் போடாதீங்கன்னு. இதுதான் உங்க புது ஃப்யூஸ். சிஸ்டத்த நம்புங்க.”

அழுத்தினார். போர்டு மாட்டப் போனார். கம்பளத்துக்கு மேட்ச் ஆகவில்லை என்று போர்டை எடுத்துவிட்டார்கள். சேஷகிரி பூங்கொத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார், தீபிகா கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கிருஷ்ணப்பா மெயினை ஆஃப் செய்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி அரை நிமிஷம் நின்றார். வாசலில் இருந்த செக்யூரிட்டி லட்சுமம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லிஃப்ட் முதல் மாடியில் நின்றது. கிருஷ்ணப்பா சாவி போட்டுக் கீழ்த்தளக் கதவைத் திறந்து பள்ளத்தில் இறங்கினார். “கதவைச் சாத்து, சேர்மன் கண்ணில் அழுக்குப் படக் கூடாது” என்றார் சேஷகிரி. சாத்தினார்கள்.

பள்ளம் துடைக்கச் சிஸ்டம் கொடுத்த நேரம் பத்து நிமிஷம். பதினொன்று பத்துக்குப் போனில் மணி அடித்து, ‘வேலை முடிந்தது, நன்றி’ என்று தானாகவே பச்சை விழுந்தது. பள்ளத்தில் இரண்டு வருஷ எண்ணெய்க் கசடு. கிருஷ்ணப்பா பாதிகூடத் துடைக்கவில்லை. பதினொன்று பன்னிரண்டுக்குச் சேர்மனின் கார் உள்ளே வந்தது.

சேஷகிரி மாலையோடு ஓடினார். சேர்மனைக் கைத்தாங்கலாக லிஃப்ட் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை.

“யாரது, மெயின் ஆஃப்ல இருக்கு! லட்சுமம்மா, மெயினைப் போடு!”

“சார், பேடா சார், வேணாம்! உள்ள ஆளு இருக்காரு சார்!” என்று லட்சுமம்மா பதறினாள்.

சேஷகிரி போனைப் பார்த்தார். “பதினொண்ணு பத்துக்கே வேலை முடிஞ்சிடுச்சு. பச்சை காட்டுது பாரு. உள்ள யாரும் இல்ல.”

“நான் கண்ணால பாத்தேன் சார், இன்னும் வெளிய வரல!”

“நீ பாத்தது பழைய தகவல். இது லைவ்.”

லட்சுமம்மா அசையவில்லை. “நான் போட மாட்டேன் சார். வேலைய விட்டு எடுத்தாலும் சரி.” சேர்மன் முட்டியைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார். தீபிகா, “சார், ஒரு தடவை கதவைத் தட்டிப் பாத்துட்டு...” என்று ஆரம்பித்தாள். “தட்டிப் பாக்கறதும் ஒரு பழக்கம்தான் தீபிகா” என்றபடி சேஷகிரி தானே போய் மெயின் நெம்புகோலை மேலே தள்ளினார்.

பள்ளத்துக்குள் அந்தச் சத்தம் கிருஷ்ணப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தம். கையிலிருந்த துணி கீழே விழுந்தது. மேலே பார்த்தார். தலைக்கு மேல் ஒரு மாடி உயரத்தில் லிஃப்டின் அடிப்பாகம் கறுப்பாக நின்றது. மறுபடியும் சத்தம். ஆஃப், ஆன். மறுபடியும் ஆஃப், ஆன். நான்கு முறை. லிஃப்ட் அசையவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் இடுப்பில் கை வைத்து அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து அழுதார். முனிரத்னத்துக்காகவும் அழுதார்.

சேர்மன் படியேறிப் போனார். இரண்டு பேர் அவரைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனார்கள். நான்கு மாடிக்கும் ஐயோ, அம்மா என்ற சத்தம் கேட்டது. அது அடங்கிய பிறகு கதவு உள்ளேயிருந்து தட்டப்பட்டது. எண்ணெயும் கண்ணீருமாகக் கிருஷ்ணப்பா ஏறி வந்தார்.

தீபிகாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. சேஷகிரி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். பச்சைதான் இருந்தது.

“லிஃப்ட் ஏன் ஓடல?” என்றார்.

“ஃப்யூஸ் கட்டைய எடுத்துட்டேன் சார்.”

“எடுத்துட்டீங்களா!” சேஷகிரிக்குக் குரல் உடைந்தது. உண்மையாகவே மனம் நொந்துபோயிருந்தார். “தொண்ணூறு நாள். நாலு சனிக்கிழமை. பையெல்லாம் பிரிச்சோம். அப்பவும் எங்கள நம்பலையே நீங்க! நம்பியிருந்தா இன்னிக்கு லிஃப்ட் ஓடியிருக்கும். சேர்மன் சார் நிம்மதியா மேல போயிருப்பாரு. உங்க ஒருத்தர் பழக்கத்தால ஒரு பெரிய மனுஷன் நாலு மாடி நடந்தாரு!”

“ஓடியிருக்கும் சார்” என்றாள் லட்சுமம்மா. “இவர் மேலயே ஓடியிருக்கும்.”

அவளை அன்று மதியமே பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு மாற்றினார்கள்.

கிருஷ்ணப்பாவின் படிவத்தில் ‘பழக்கம் திரும்பியது’ என்று சிவப்பு மையில் எழுதினார்கள். வேலை அந்த இடத்திலேயே போயிற்று. ஒப்படைக்க வேண்டிய சாமான்களின் பட்டியலைச் சேஷகிரியே வாசித்தார். ஹெல்மெட். கொடுத்தார். கதவுச் சாவி. கொடுத்தார். ஷூ, அடையாள அட்டை, யூனிஃபார்ம் சட்டை, யூனிஃபார்ம் பேன்ட். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். சிவப்புக் கம்பளத்தின் நடுவில் பட்டாப்பட்டியோடு நின்றார். இடது பக்கம் காக்கிப் பை புடைத்துக்கொண்டிருந்தது.

“சார், இன்னொரு சாமான் எங்கிட்ட கீது. ஃப்யூஸ் கட்டை. மாட்டிட்டுப் போயிடறேன்.”

“கூடாது. சான்றிதழ் இல்லாத ஆள் மெயின் பெட்டியைத் தொடக் கூடாது.”

“அப்ப நீங்களே வாங்கிக்கோங்க சார்.”

சேஷகிரி கையை நீட்டப் போனார், சட்டென்று இழுத்துக்கொண்டார். “பட்டியல்ல இல்ல. அதோட அது இப்போ ஆதாரம். விசாரணைக் குழு உட்கார்ற வரைக்கும் ஆதாரம் குற்றவாளிகிட்டயேதான் இருக்கணும். நாங்க வாங்கினா நாங்க கலைச்சோம்னு ஆயிடும். எடுத்துட்டுப் போங்க. குழு கூப்பிடும்போது கொண்டு வாங்க.”

கிருஷ்ணப்பா தன் தோள்பையிலிருந்த லுங்கியைக் கட்டிக்கொண்டு, சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மர்பி டவுனுக்கு நடந்தார். சின்னத்தாயி வாசலில் நின்றாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கட்டை இருந்தது. “சர்தான், வா, சாப்பிடு” என்றாள்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. விசாரணைக் குழுவின் தலைவர் சேர்மன் பிரஹ்லாத். குழு நான்காவது மாடியில்தான் கூட வேண்டும், விதி. லிஃப்ட் ஓடாமல் சேர்மன் மேலே வர மாட்டார். குழு கூடாமல் கட்டை திரும்பி வராது. வேறு கட்டை வாங்கிப் போட்டால் ஆதாரத்தில் கை வைத்ததாகிவிடும் என்று வக்கீல் எழுத்தில் கொடுத்துவிட்டார். ஆக, நானூறு கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற கம்பெனியின் ஹெட் ஆபீஸில் எல்லோரும் படியேறுகிறார்கள். சேஷகிரி தினமும் இரண்டு முறை ஏறுகிறார். ‘படி ஏறும் பண்பாடு’ என்று புதுத் திட்டம் அறிவித்திருக்கிறார்.

கிருஷ்ணப்பாவைக் காக்ஸ் டவுனில் ஒரு சின்ன லிஃப்ட் கடைக்காரர் வேலைக்கு வைத்துக்கொண்டார். சம்பளம் குறைவு. சட்டையில் இரண்டு பை இருக்கிறது.

மீதி நாற்பத்தைந்து பேருக்கும் சான்றிதழ் கிடைத்துவிட்டது. நூற்றுக்கு நூறு வெற்றி என்று ஆபீஸ் வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். சான்றிதழ் வாங்கிய மறுநாள் சாயங்காலம் ஹரிஷ்குமார் மர்பி டவுனுக்கு வந்தான். ஹெல்மெட்டைத் தலையிலிருந்து கழற்றாமல் வாசலிலேயே நின்றான். கையில் நியூஸ் பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று.

“அக்கா, ஒரு சின்ன தையல் வேல...” என்று இழுத்தான்.

சின்னத்தாயி பிரித்துப் பார்த்தாள். புது பட்டாப்பட்டி, நீலக் கோடு. கூடவே மடித்து வைத்த ஒரு காக்கித் துணி.

“அன்னிக்கு அண்ணன் பள்ளத்துல இருந்தப்ப நான் மாடிப்படில நின்னுகினு இருந்தேங்கா” என்றான் ஹரிஷ்குமார். “மெயின் சத்தம் கேட்டுது. நாலு வாட்டி.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்துகொண்டிருக்கிறார்கள். இதுவரைக்கும் முப்பத்தொரு பை தைத்துவிட்டாள். எல்லாப் பையும் சரியான அளவில் இருக்க வேண்டும் என்பதற்காக ஹெட் ஆபீஸின் ஃப்யூஸ் கட்டையைத் துணிமேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்கிறாள். போன வாரம் ஆபீஸிலிருந்து போன் வந்தது, ஆதாரம் பத்திரமாக இருக்கிறதா என்று.

“பத்திரமா கீது” என்றாள் சின்னத்தாயி. “இன்னும் பதினாலு பேருக்கு அளவு எடுக்கணும். முடிஞ்சதும் சொல்லி அனுப்பறேன்.”